லீடர் கையில் கயிறு இருக்கட்டும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று முதல் எட்டு வரை 112 பிள்ளைகள், ஐந்து ஆசிரியர்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள், ஹட்டி எனப்படும் படுகர் ஊர், பழங்குடிக் குடியிருப்பு என மூன்று பக்கமிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். மதிய இடைவேளையில் சண்டையும் அழுகையும் அதிகமாக இருந்ததால், ஜூன் மாதம் எட்டாம் வகுப்பிலிருந்து ஆறு பேரை ‘விளையாட்டு லீடர்’ ஆக்கினோம். அடிப்பவர்கள், தள்ளுபவர்கள் பெயரை எழுதித் தருவதுதான் அவர்கள் வேலை. சண்டை குறையவில்லை. இப்போது லீடர்கள் மேலேயே புகார் வருகிறது. மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று வாரத்தில் இரண்டு மூன்று நாள் பதினோரு மணிக்கே வயிற்று வலி என்று படுத்துக்கொள்கிறது. கூடலூர் பக்கமிருந்து வருட நடுவில் வந்து சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் சுவரோரமே நிற்கிறார்கள். லீடர் முறையை எடுத்துவிடலாமா? வைத்துக்கொண்டால் எப்படிப் பழக்குவது? மழை மாதங்களில் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முறையை எடுத்துவிட வேண்டாம். ஆனால் அந்தப் பெயர்ப் பட்டியலை நாளைக்கே திரும்ப வாங்கிவிடுங்கள்.

பெயர் எழுதும் அதிகாரம் கைக்கு வந்த பிள்ளை மைதானத்தில் என்ன பார்க்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தப்பைத்தான் தேடும். நண்பன் பெயர் விடுபடும், பிடிக்காதவன் பெயர் இரண்டு தடவை ஏறும். “என் பேரை அழிச்சிடு, உனக்கு ரப்பர் தரேன்” என்று பேரம் ஆரம்பிக்கும். சின்னப் பிள்ளைகள் லீடர் வரும் திசையைப் பார்த்து நகர்ந்துகொள்வார்கள். லீடரும் விளையாடமாட்டார், அவருக்குப் பயந்து மற்றவர்களும் விளையாடமாட்டார்கள். உங்களுக்கு வரும் புகார்களில் பாதி இந்த வேலையின் விளைவு. அந்த ஆறு பிள்ளைகளின் குணத்தில் கோளாறு தேட வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, அடிப்பதோடு சேர்த்துக் குழந்தையை மன உளைச்சலுக்கு ஆளாக்குவதையும் தடை செய்கிறது. பட்டியலை எல்லார் முன்னாலும் வாசித்து எழுந்து நிற்கச் சொல்வது அந்த எல்லைக்குப் பக்கத்தில் போகும் காரியம்.

வாங்கும்போது அந்த ஆறு பேரையும் தனியே உட்காரவைத்துச் சொல்லுங்கள்: “பேர் எழுதச் சொன்னது எங்க தப்பு. உங்களுக்கு இதைவிட நல்ல வேலை ஒண்ணு வச்சிருக்கோம்.” ஆசிரியர் வாயால் இது வராவிட்டால், ‘பதவியைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்ற கோபம் சின்னப் பிள்ளைகள் மேல்தான் இறங்கும்.

புதிய வேலை என்ன என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஆட்டத்தை ஆரம்பித்துவைப்பது, தனியே நிற்பவரைக் கூப்பிட்டுச் சேர்ப்பது, பெரியவர் தேவைப்படும்போது பெரியவரிடம் வந்து சொல்வது. இந்த மூன்றுக்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். தண்டனை தரும் அதிகாரம் துளியும் வேண்டாம்.

புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே பாருங்கள். ஒரு தாளில் மைதானத்தை வரைந்துகொள்ளுங்கள்: கட்டிடம், தண்ணீர்க் குழாய், கழிப்பறை வழி, சரிவு, கேட். மதிய இடைவேளையில் 15 நிமிடம், மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, தனியே இருக்கும் பிள்ளைகளைப் பெயரோடு புள்ளியாகவும், சண்டை நடக்கும் இடத்தைப் பெருக்கல் குறியாகவும் குறியுங்கள். ஐந்து நாள் முடிந்ததும் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியும். எந்தெந்தப் பிள்ளை மூன்று நாளுக்கு மேல் தனியே இருந்தது என்பது ஒன்று. எந்த இடத்தில் சண்டை மூளுகிறது என்பது மற்றொன்று. பெரும்பாலும் அது தண்ணீர்க் குழாயாகவோ, கழிப்பறை வழியாகவோ, பந்து போய் நிற்கும் மூலையாகவோ இருக்கும்.

தனியே நிற்கும் எல்லாப் பிள்ளையும் துன்பத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1932-இல் மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குழந்தைகளின் விளையாட்டை வகைப்படுத்தியபோது, வேடிக்கை பார்ப்பதையும் அதில் ஒரு வகையாகவே வைத்தார். புதிய இடத்துக்கு வந்த பிள்ளை முதலில் வேடிக்கைதான் பார்க்கும், விதிகளைக் கண்ணாலேயே படிக்கும். கண் ஆட்டத்தின் பின்னால் ஓடுகிறதா, அல்லது மணி எப்போது அடிக்கும் என்று ஆசிரியர் அறையையே பார்த்துக்கொண்டிருக்கிறதா என்பதுதான் வேறுபாடு. உங்கள் அண்ணன் தம்பி இருவரில் ஒருவர் முதல் வகையாகவும் மற்றவர் இரண்டாம் வகையாகவும் இருக்கக்கூடும். இருவரையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிடாமல் தனித்தனியே பாருங்கள்.

இனி ஆள் தேர்வு. 12 பேரை எடுங்கள். பத்துப் பேர் ஐந்து ஜோடி, இரண்டு பேர் மாற்று ஆள். மலையில் மழை வலுத்தால், பஸ் வராவிட்டால் ஆள் குறைவது வழக்கம்தானே, அதனால்தான் மாற்று ஆள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு எட்டாம் வகுப்பு, ஒரு ஆறு அல்லது ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பு மட்டும் என்று வைத்தால் அடுத்த ஜூனில் பழகிய கை ஒன்றுகூட பள்ளியில் மிஞ்சாது. தினம் இரண்டு ஜோடி. அப்படியென்றால் ஒரு ஜோடிக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை, மற்ற மூன்று நாள் அவர்களும் விளையாடலாம். இதை விட்டுக்கொடுக்காதீர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் விளையாட்டு தேவை.

முதல் மதிப்பெண் வாங்குபவர்களாகப் பார்த்து எடுப்பதும், ஓட்டுப் போட்டு எடுப்பதும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்: ஏற்கெனவே செல்வாக்கு இருப்பவரே வருவார். விருப்பமுள்ளவர்களை இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதத் தயங்குபவர் வாயால் சொல்லட்டும். ஹட்டி, லைன், பழங்குடிக் குடியிருப்பு மூன்றிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். ஜோடியைப் பிரிக்கும்போது இரண்டு பேரும் வெவ்வேறு பக்கத்தவராக இருந்தால் நல்லது. அதிகம் பேசாத ஒருவரையும், அடிக்கடி வம்பில் மாட்டும் ஒருவரையும் கட்டாயம் சேருங்கள். வம்பில் மாட்டுபவருக்குச் சண்டை எப்படி ஆரம்பிக்கிறது என்பது யாரையும்விட நன்றாகத் தெரியும். இப்போதைய ஆறு பேரும் விரும்பினால் தொடரட்டும். காலாண்டுக்கு ஒருமுறை பாதிப் பேரை மாற்றுங்கள். உங்கள் பள்ளியில் ‘மகிழ் முற்றம்’ திட்டத்தின் மாணவர் குழுக்கள் குறிஞ்சி, முல்லை என்று பிரிக்கப்பட்டிருந்தால் அதையும் இதையும் கலக்க வேண்டாம். லீடர் வேலைக்குப் புள்ளி கொடுக்க ஆரம்பித்தால், தனியே நிற்கும் குழந்தையைப் புள்ளிக்காகக் கையைப் பிடித்து இழுத்துவருவார்கள்.

பழக்குவதற்கு 40 நிமிடமாக ஆறு அமர்வு போதும். முதல் அமர்வில் அறிவுரை ஒன்றும் வேண்டாம், அவர்களே விளையாடட்டும். கடைசி அமர்வில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வரவழைத்து நிஜமாகவே நடத்திப் பார்க்கட்டும், நீங்கள் ஓரமாக நின்று கவனியுங்கள். நடுவில் உள்ள நான்கில்தான் விஷயம் இருக்கிறது.

முதலாவது, கூப்பிடும் விதம். “விளையாட வர்றியா?” என்று கேட்டால் கூச்சமுள்ள பிள்ளைக்கு ‘இல்லை’ என்று தலையாட்டுவது சுலபம். ஆட்டத்தில் ஒரு வேலையைக் கொடுத்துக் கேட்க வேண்டும்: “இந்தக் கயிறு முனையைப் புடிக்க ஒரு ஆள் வேணும், கொஞ்சம் புடிக்கிறியா?” நேர் எதிரே நின்று குனிந்து கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பிள்ளை பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு கேட்கட்டும். வேண்டாம் என்றால், “சரி, அப்புறம் வரேன்” என்று எழுந்துவிட வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஒரே ஒரு தடவை திரும்ப வரலாம். அன்றைக்கு அவ்வளவுதான். வீட்டில் படுக மொழியோ, இருளர், குறும்பர் மொழியோ பேசும் சின்னக் குழந்தைக்கு விதியை வாயால் விளக்கினால் பாதிதான் போய்ச் சேரும். ஒரு சுற்று ஆடிக் காட்டுவது போதும். ஆறு அமர்வில் இதற்கு மட்டும் ஒன்றரை அமர்வு செலவழித்தாலும் தகும். ஜோடி ஜோடியாக நடித்துப் பழக்குங்கள், ஒருவர் சுவரோரம் நிற்பவர், ஒருவர் லீடர். பிறகு இடம் மாறட்டும். சுவரோரம் நின்று பார்த்த லீடருக்குத்தான், மேலே வந்து விழுகிற மாதிரி கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று புரியும்.

இரண்டாவது, சண்டை. பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு முறை இருக்கிறது: காய் விடுவது, பழம் விடுவது. அதைக் கேலியாக எண்ணாதீர்கள். உறவை முறிப்பதற்கும் சேர்ப்பதற்கும் விரலால் ஒரு சடங்கு வைத்திருக்கிறார்கள் என்றால் அது பெரிய விஷயம். லீடர் அதன் நடுவில் ஓர் ஒழுங்கைச் சேர்த்தால் போதும். முதலில் பந்தோ கயிறோ லீடர் கைக்கு வர வேண்டும், பொருள் ஓடிக்கொண்டிருந்தால் பேச்சு நிற்காது. பிறகு ஒருவர் பேச மற்றவர் கேட்க வேண்டும். “யார் முதல்ல அடிச்சா?” என்ற கேள்வி கூடாது, அதற்கு முடிவே கிடையாது. “இப்ப உனக்கு என்ன வேணும்?” என்று இருவரிடமும் கேட்கட்டும். அவுட்டா இல்லையா என்ற தகராறு என்றால் சாபூத்ரீ போட்டு முடிக்கலாம். இரண்டு நிமிடத்தில் தீராவிட்டால் ஆசிரியரிடம் வந்துவிட வேண்டும். கைகலப்பு என்றால் லீடர் நடுவில் புகவே கூடாது. ஒருவர் ஆசிரியரைக் கூப்பிட ஓட, மற்றவர் சுற்றி நிற்கும் கூட்டத்தை விலக்க வேண்டும்.

பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் ஊரை, சாதியை, வீட்டை, நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்வதும் இரண்டு நிமிடப் பஞ்சாயத்தில் முடிக்க வேண்டியவை இல்லை. அவை நேராக ஆசிரியரிடம் வரட்டும். அவற்றைப் பிள்ளைகளுக்குள் ‘பேசித் தீர்க்க’ விட்டால் கிண்டலுக்கு ஆளான குழந்தை இரண்டாம் தடவையும் தோற்கும்.

மூன்றாவது, ரகசியம். சின்னப் பிள்ளைகள் ஆசிரியரிடம் சொல்லாததை அக்காவிடம், அண்ணாவிடம் சொல்வார்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று லீடர் சத்தியம் செய்யக் கூடாது. யாராவது அடித்துக் காயப்படுத்துகிறார்கள், தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்கள், வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது, செத்துப்போகலாம் போலிருக்கிறது: இந்த நான்கில் எது காதில் விழுந்தாலும் அதே நாளில் ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டிய வாசகத்தைக்கூடப் பழக்கிவிடுங்கள்: “இது எனக்குப் பெரிய விஷயம், டீச்சர்கிட்ட நாம ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லலாம்.” பாலியல் தொந்தரவு பற்றித் தகவல் தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடிக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எந்நேரமும் இயங்கும். மனநலம் பற்றிப் பேச 14416, பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண் 14417. மூன்றையும் அலுவலக அறையில் மாட்டாமல், பிள்ளைகள் நின்று படிக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

நான்காவது, முதலுதவி. விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாமல் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும் என்பதும், தலை அடிபட்டால் ‘ஒண்ணுமில்ல, போ’ என்று அனுப்பக் கூடாது என்பதும் மனதில் பதிந்தால் போதும்.

மலையில் விளையாட்டுப் பொருள் வாங்கும்போது கீழ்நாட்டுப் பள்ளிகளைப் பார்த்து வாங்காதீர்கள். பந்து இங்கே முதல் எதிரி. சரிவில் உருண்டு தேயிலைக்குள் போகும், பின்னாலேயே ஒரு பிள்ளை ஓடும். காட்டுமாடு மேயும் தோட்டத்துக்குள், மூடுபனி நேரத்தில், ஏழு வயதுப் பிள்ளை பந்து தேடப் போவதைவிட ஆபத்து வேறில்லை. வேலிக்கு வெளியே போன பந்தை யாரும் எடுக்கப் போகக் கூடாது, பெரியவர் போகும் வரை அது போனது போனதுதான் என்று முதல் நாளே விதி போடுங்கள். விசில் ஒன்று அடித்தால் ‘நின்று கேள்’, மூன்று அடித்தால் ‘எல்லாரும் வராந்தாவுக்குள்’. மாதம் ஒருமுறை இதை ஒத்திகை பாருங்கள்.

உருளாத பொருள்களே இங்கே நல்லது. 112 பிள்ளைகளுக்கு இவ்வளவு இருந்தால் தாராளம்: நீளக் கயிறு இரண்டு, சின்னக் கயிறு பத்து, டென்னிகாய்ட் ரப்பர் வளையம் ஆறு, துணிப்பொட்டலம் இருபது, தரையில் படுக்கவைக்கப் பழைய பைக் டயர் நான்கு, சாக்குப்பை எட்டு. நீளக் கயிறு ஐந்து மீட்டர், விரல் பருமன். பருத்திக் கயிறு பனியில் ஊறிக் கனத்துவிடும், தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையை அறுக்கும். பின்னல் போட்ட நைலான் கயிறே இரண்டுக்கும் மேல். சின்னக் கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரண்டு முனையும் அக்குள் உயரத்துக்கு வர வேண்டும், அதுதான் அளவு. துணிப்பொட்டலத்தைப் பழைய சீருடைத் துணியில் 12 சென்டிமீட்டர் சதுரமாக, இரட்டைத் தையல் போட்டுத் தைக்கலாம். உள்ளே நூறு கிராம் அளவுக்கு நன்றாகக் காயவைத்த புளியங்கொட்டை. அரிசியோ பயறோ போட்டால் இந்த ஈரத்தில் ஒரு மாதத்தில் பூசணம் பிடிக்கும், இல்லாவிட்டால் எலி தின்னும். டயரின் அடியில் நான்கு ஓட்டை போட்டால்தான் மழைநீர் தேங்கிக் கொசு வளராது. கயிற்றைக் கழுத்திலோ இடுப்பிலோ கட்டிக் குதிரை ஓட்டும் விளையாட்டை மட்டும் முதல் நாளே தடை செய்துவிடுங்கள்.

பொருளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப எண்ணி வாங்குவதும் லீடர்கள் வேலை. ஒன்று குறைந்தால் யாரையும் சோதனை போட வேண்டாம். நோட்டில் ‘எடுத்தது பத்து, வந்தது ஒன்பது’ என்று எழுதிவைத்தால் போதும், நாளைக்குத் தேடலாம்.

நீளக் கயிற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தனியே நிற்கும் பிள்ளையைச் சேர்க்க இதைவிடச் சிறந்த பொருள் இல்லை. சுற்றுபவர் இருவரும் மூன்றரை மீட்டர் இடைவெளியில் நிற்க வேண்டும், கயிற்றின் வயிறு தரையை உரசிப் போக வேண்டும். சரிவில் ஒருவர் மேட்டிலும் ஒருவர் பள்ளத்திலும் நின்றால் கயிறு ஒரு பக்கமாகச் சாய்ந்து குதிப்பவர் காலில் மாட்டும். சரிவுக்குக் குறுக்கே, இருவர் பாதமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி நிறுத்துங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குக் கயிற்றைச் சுற்றவே வேண்டாம். தரையில் பாம்பு மாதிரி நெளியவிட்டால் தாண்டுவார்கள். அடுத்தது தொட்டில்: தலைக்கு மேல் போகாமல் இப்படியும் அப்படியும் ஆட்டுவது. பழகிய பிறகே முழுச் சுற்று. கால் பட்டவர் ‘அவுட்’ இல்லை, அவர் வந்து முனையைப் பிடிப்பார், அதுவரை சுற்றியவர் வரிசையில் நிற்பார். இந்த ஒரு மாற்றத்தால் யாரும் வெளியே போய் உட்காரமாட்டார்கள். குதிக்கத் தெரியாத பிள்ளைக்கும், காலில் குறையுள்ள பிள்ளைக்கும் சுற்றும் வேலை இருக்கிறது. அது இல்லாமல் ஆட்டமே இல்லை என்பதால் அது இரக்கத்துக்காகக் கொடுத்த இடமாகவும் தெரியாது.

அவுட் ஆனவர் வெளியே உட்காரும் ஆட்டங்களில் முதலில் அவுட் ஆவது எப்போதும் சின்னவர்களும் ஓட முடியாதவர்களும்தான். யாருக்கு விளையாட்டு அதிகம் தேவையோ அவர்களே அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் ‘அவுட்’ வரும் இடமெல்லாம் ‘மாறு’ என்று மாற்றுங்கள். நம் ஊர் விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஒரு வழக்கம் உண்டு, சின்னக் குழந்தையை அவுட் கணக்கில் சேர்க்காமல் கூடவே ஓடவிடுவது. வழக்கம் அருமையானது. ஊனத்தைக் குறிக்கும் சொல் என்பதால் பெயரை மட்டும் விட்டுவிட்டு, பிள்ளைகளையே வேறு பெயர் வைக்கச் சொல்லுங்கள்.

அணி பிரிப்பதையும் மாற்றுங்கள். இரண்டு கேப்டன்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுக்கும்போது கடைசியாக நிற்கும் பிள்ளையின் முகத்தை ஒருநாள் பாருங்கள். நம்மிடம் உத்தி பிரிப்பது இருக்கிறதே. இருவர் இருவராகத் தள்ளிப் போய் ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு வந்து, “மலை வேணுமா, மேகம் வேணுமா?” என்று கேட்பார்கள். கேப்டன் பெயரைத்தான் தேர்ந்தெடுப்பார், ஆளை இல்லை. ஜோடி சேரும்போது ஒரே பலமுள்ள இருவர் சேரும்படி லீடர் பார்த்துக்கொண்டால் அணியும் சமமாகும்.

கல்லா மண்ணா ஆடும்போது ஒரு எச்சரிக்கை. மழை மாதத்தில் கல்லெல்லாம் பாசி. தாவி ஏறினால் வழுக்கும். கல்லுக்குப் பதில் மண் தரையில் சாக்கை விரித்துவிடுங்கள். சிமெண்ட் தளத்தில் சாக்கு நழுவும், அங்கே வட்டம் வரைந்துகொள்ளலாம். பாண்டிக் கட்டமும் வட்டமும் வரையச் சரியான காலம் பிப்ரவரி, மார்ச். பெயிண்டில் சலித்த மணலைக் கலந்து பூசாவிட்டால் முதல் மழையில் அதுவே வழுக்கும் இடமாகிவிடும்.

இடத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஓடும் இடம், கயிறு இடம், உட்கார்ந்து ஆடும் இடம். ஒரு ஜோடி லீடர் கயிறு இடத்தில், ஒரு ஜோடி உட்காரும் இடத்தில். ஓடும் இடத்தில் ஆசிரியர் நிற்க வேண்டும். ஐந்து ஆசிரியர், ஐந்து நாள், கணக்குச் சரியாக வருகிறது. லீடர்கள் இருக்கிறார்களே என்று ஆசிரியர் அறைக்குள் போய்விடும் நாளில் இந்த முறை மறுபடியும் பழைய போலீஸ் வேலையாகிவிடும். பெரும்பாலான இடங்களில் இது கெட்டுப்போகும் காரணம் இதுதான். முடிந்தால் ஒன்று முதல் ஐந்து வரை முதலில் சாப்பிட்டு விளையாட வரட்டும், பெரியவர்கள் பத்து நிமிடம் தள்ளி வரட்டும். மைதானம் முழுவதையும் பெரிய பையன்களின் கிரிக்கெட் விழுங்கிவிடுவது அதனால் குறையும். அன்றைய லீடர்கள் சின்னவர்களோடு முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட வேண்டும். பசியோடு நிற்கும் லீடருக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

மழைக்கு வருவோம். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும். உங்கள் கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைதான் பள்ளியை வராந்தாவுக்குள் அடைக்கும். வராந்தாவில் ஓடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டால் ஓடத்தான் செய்வார்கள், கைக்கு வேலை கொடுக்க வேண்டும். செப்டம்பர் முடிவதற்குள் மழைப்பெட்டி ஒன்று தயாராக இருக்கட்டும்: அஞ்சாங்கல் பத்து செட், பல்லாங்குழி நான்கு, தாயக்கட்டை நான்கு ஜோடி, ஆடுபுலி ஆட்டத்துக்கான அட்டை நான்கு. பல்லாங்குழிப் பலகை வாங்கப் பணம் வேண்டாம், தரையில் பதினான்கு வட்டம் சாக்பீஸால் போட்டு, குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை வைத்தால் ஆட்டம் தயார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விதையை மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொள்வார்கள், அவர்களுக்குப் பெரிய பித்தான்களைக் கொடுங்கள். ஆடுபுலியில் மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகள் சேர்ந்து நின்றால்தான் புலியைக் கட்டலாம் என்பதால் இரண்டு பேர் சேர்ந்து யோசித்து ஆடச் சொல்லலாம், பேச்சுக் கூச்சமுள்ள பிள்ளைக்கு அது நல்ல தொடக்கம். அடைமழை நான்கு நாள் நீடித்தால், மதிய மணிக்கு முன் ஐந்து நிமிடம் வகுப்பறையிலேயே நின்ற இடத்தில் குதிப்பதும் கைதட்டுவதுமாக உடம்பைச் சூடேற்றுங்கள். அடைந்து கிடக்கும் உடம்புதான் மாலையில் பஸ் நிறுத்தத்தில் சண்டையாக வெடிக்கும்.

மூன்றாம் வாரத்தில் லீடர்களுக்குச் சலிப்பு வரும், எதிர்பார்த்தே இருங்கள். வெள்ளிக்கிழமை பத்து நிமிடம் அவர்களோடு உட்கார்ந்து, எந்த ஆட்டம் எடுபடவில்லை, யாரைச் சேர்க்க முடியவில்லை, உனக்கே ஏதாவது கஷ்டமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் கதைகளைச் சுமக்கிற பிள்ளைக்கும் இறக்கிவைக்க இடம் வேண்டும். டீ வாங்கிவர, நோட்டு அடுக்க, பெருக்க என்று லீடர்களை ஏவுவதை மற்ற ஆசிரியர்களும் நிறுத்த வேண்டும். “படிக்க அனுப்பினா விளையாட்டுக் காட்டச் சொல்றாங்க” என்று பெற்றோர் கேட்கக்கூடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் பேசுவதைவிட, லீடர்களையே விட்டுப் பெற்றோரை ஒரு சுற்றுக் கயிறு சுற்ற வைப்பது பலன் தரும்.

இனி அந்த மூன்றாம் வகுப்புக் குழந்தை. இதை லீடர்களிடம் ஒப்படைக்கக் கூடாது, இது உங்கள் வேலை. வயிற்று வலியை நடிப்பு என்று முடிவுகட்டுவதற்கு முன் உடம்பைப் பாருங்கள். குளிரில் மலைப் பிள்ளைகள் தண்ணீரே குடிக்கமாட்டார்கள், மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வயிற்று வலியாகத்தான் வெளிப்படும். காலையில் சாப்பிடுகிறதா? கழிப்பறைக்குப் போகப் பயந்து அடக்கிக்கொள்கிறதா? வெந்நீர் ஒரு டம்ளர், பத்தரை மணிக்குக் கூடவே ஒரு தோழியை அனுப்பிக் கழிப்பறைக்குப் போய்வருவது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பரிசோதனை: இந்த மூன்றையும் இந்த வாரமே செய்துவிடலாம். கூடவே வலி வந்த தேதிகளையும் அன்றைக்கு வேலையில் இருந்த லீடர்களின் பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் பொருந்தினால் மைதானத்தில்தான் காரணம். பொருந்தாவிட்டால் பஸ், வகுப்பறை, வீடு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். குழந்தையிடம் “யார் என்ன பண்ணா?” என்று துருவாதீர்கள். உங்கள் மைதான வரைபடத்தைக் கொடுத்து, பிடித்த இடத்துக்குப் பச்சை, பிடிக்காத இடத்துக்குச் சிவப்பு பூசச் சொல்லுங்கள். சிவப்பு எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகு, “இங்க என்ன நடக்கும்?” என்று மெதுவாகக் கேளுங்கள். ஒருநாள் வாய் திறக்காவிட்டால் மறுநாள் பார்க்கலாம். பயமுறுத்தும், தொந்தரவு செய்யும் ஆள் யார் என்று தெரிந்தால் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள்.

ஆறு வாரம் கழித்து அதே தாள், அதே 15 நிமிடம், அதே புள்ளிகள். சுவரோரப் புள்ளிகள் குறைந்திருந்தால் தொடருங்கள், குறையாவிட்டால் ஆட்டங்களை மாற்றுங்கள், லீடர்களை உடனே மாற்ற வேண்டாம். அண்ணன் தம்பி இருவருக்கும் கூடலூர் பக்கம் ஆடிய ஆட்டம் ஒன்று கட்டாயம் தெரிந்திருக்கும். இரண்டாம் வாரத்தில் ஒரு லீடர் போய், “உங்க பழைய ஸ்கூல்ல என்ன விளையாடுவீங்க, எங்களுக்குச் சொல்லித் தர்றியா?” என்று கேட்கட்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தை மைதானத்துக்கு வரும் முதல் நாளில் குதிக்கச் சொல்லாதீர்கள். கயிற்றின் ஒரு முனையைக் கையில் கொடுங்கள், மறுமுனையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.